சுவரில் ஒரு சைக்கிள் அகலம்

புறநகரில் வீடு கட்டிக் குடிவந்தவரிடம் சைக்கிளைப் பற்றிப் பேச்செடுத்தால், "இங்கே எல்லாமே தூரம் சார், சரிப்பட்டு வராது" என்பார். வெயில், லாரி, வியர்வை எல்லாம் பிறகு வரும். முதலில் வருவது தூரம்தான். அந்தத் தூரம் எவ்வளவு என்று முதலில் அளந்து பார்த்துவிடலாம்.

சென்னைப் புறநகரான கிழக்குத் தாம்பரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷனிலிருந்து வேளச்சேரி சாலையில் வந்தால் சேலையூர், கேம்ப் ரோடு, ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் என்று நகர்களும் அவென்யூக்களும் நீண்டுகொண்டே போகும். இங்கே குடியிருப்பவருக்கு வேலை கிண்டியில் இருக்கும், எழும்பூரில் இருக்கும். அத்தனை தூரத்தைத் தினமும் மிதிக்கச் சொல்லி நான் யாரிடமும் கேட்க மாட்டேன். அதற்கு மின்சார ரயில் இருக்கிறது. சென்னைக் கடற்கரை ஸ்டேஷனுக்கும் தாம்பரத்துக்கும் நடுவே 1931 முதல் அது ஓடிக்கொண்டிருக்கிறது. மிச்சம் என்ன? வீட்டிலிருந்து ஸ்டேஷன். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், ரேஷன் கடை, காய்கறிக் கடை, டாக்டர், டியூஷன், கோயில். உங்கள் வீட்டுப் பட்டியலை நீங்களே போட்டுப் பாருங்கள். பெரும்பாலானவை 5 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். நடந்தால் கால் வலிக்கிற தூரம். ஷேர் ஆட்டோவுக்குக் காத்து நிற்கிற நேரத்தில் சைக்கிளில் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய தூரம்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. சாதாரணமாக நடப்பவர் 10 நிமிடத்தில் சுமார் 800 மீட்டர் போவார். அதே 10 நிமிடத்தில், மூச்சு வாங்காமல் நிதானமாக மிதித்தால் இரண்டரை கிலோமீட்டர். மூன்று மடங்குதானே என்று தோன்றும். ஸ்டேஷனை நடுவில் வைத்து இரண்டு வட்டம் போட்டுப் பாருங்கள். நடப்பவரின் வட்டத்துக்குள் 2 சதுர கிலோமீட்டர் நிலம் வருகிறது. சைக்கிள்காரரின் வட்டத்துக்குள் 20 சதுர கிலோமீட்டருக்குச் சற்றே குறைவு. ஆரம் மூன்று மடங்குக்குச் சற்றே மேல் என்பதால் பரப்பு ஒன்பது மடங்குக்கு மேல் போய்விடுகிறது. அதாவது, ஒரே ஸ்டேஷன், ஒரே ரயில், அதே 10 நிமிடம். ஆனால் அந்த ரயிலைப் பயன்படுத்தக்கூடிய வீடுகள் கிட்டத்தட்டப் பத்து மடங்கு. புதிதாக ஒரு தண்டவாளம்கூடப் போடாமல் இது நடக்கிறது. புறநகருக்குச் சைக்கிள் ஏன் இவ்வளவு பொருத்தம் என்று நான் நம்புவதற்கு அடிப்படை இந்தக் கணக்குதான்.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு நிபந்தனை இருக்கிறது. வட்டம் போட்டதுபோல நேராகப் போகத் தெருக்கள் விட வேண்டும். நம் புறநகரில் விடுவதில்லை. விஷயமே இங்கேதான் இருக்கிறது, கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

இந்தப் பகுதிகள் எல்லாம் நஞ்சையும் புஞ்சையும் ஏரியுமாக இருந்த கிராமங்கள். நிலம் ஒரே நாளில் ஊராகவில்லை. ஒருவர் தன் சர்வே எண்ணில் உள்ள நிலத்தை மனை போட்டு விற்றார். மெயின் ரோட்டிலிருந்து உள்ளே ஒரு சாலை, அதிலிருந்து நாலைந்து குறுக்குத் தெரு. அவருடைய நிலம் முடிகிற இடத்தில் தெருவும் முடிந்தது. சில ஆண்டு கழித்துப் பக்கத்து நிலத்துக்காரரும் மனை போட்டார். அவரும் மெயின் ரோட்டிலிருந்தே தனியாக ஒரு சாலை கொண்டுவந்தார். இரண்டு லேஅவுட்டுக்கும் நடுவில் ஒரு காம்பவுண்டு சுவர், அல்லது ஒரு வாய்க்கால், அல்லது முள் முளைத்த ஏரிக்கரை. இப்படியே ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, ஒன்றோடொன்று பேசாத நகர்கள் உண்டாகிவிட்டன.

விளைவு என்னவென்றால், உங்கள் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் பிள்ளையின் பள்ளிக்கூடக் கொடிக்கம்பம் தெரியும். நேர்க்கோட்டில் 300 மீட்டர் இருக்கும். போக வேண்டுமானால் உங்கள் தெருவிலிருந்து மெயின் ரோட்டுக்கு வந்து, தண்ணீர் லாரிக்கும் பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவில் கொஞ்ச தூரம் போய், அடுத்த நகரின் ஆர்ச்சுக்குள் திரும்பி உள்ளே போக வேண்டும். 300 மீட்டர் 2 கிலோமீட்டர் ஆகிவிட்டது. காருக்கு இது பெரிய விஷயமில்லை. சைக்கிளுக்கும் கூடுதல் தூரம் பெரிய விஷயமில்லை. 7, 8 நிமிடம் கூட மிதித்தால் தீர்ந்தது. மெயின் ரோட்டில் ஏறித்தான் ஆக வேண்டும் என்பதுதான் விஷயம். பத்து வயதுப் பெண் குழந்தையை அந்த ரோட்டில் சைக்கிளில் அனுப்ப எந்தத் தாய்க்கும் மனம் வராது. அதனால் வேன் வைக்கிறார்கள், அல்லது அப்பா ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறார். ஒவ்வொரு வீட்டிலும் இப்படி ஒரு ஸ்கூட்டர் கிளம்புவதால் மெயின் ரோடு இன்னும் நெரிசலாகிறது, இன்னும் நாலு வீட்டுக்காரர்கள் பயப்படுகிறார்கள்.

இதை வேண்டுமென்றே வேறு மாதிரி செய்து பார்த்த ஒரு புறநகரைப் பற்றிச் சொல்கிறேன். நெதர்லாந்தில், உட்ரெக்ட் நகருக்குப் பக்கத்தில், ஹௌட்டன் என்று ஓர் ஊர். 1960களில் அது ஒரு சின்னக் கிராமம். உட்ரெக்டில் இடம் போதாமல் மக்கள் வெளியே வரத் தொடங்கியபோது, இதை வளர்ச்சி நகரமாக அரசு தேர்ந்தெடுத்தது. ராப் டெர்க்ஸ் என்ற வடிவமைப்பாளர் அதற்கு ஒரு திட்டம் போட்டார். ஊரைச் சுற்றி ஒரு வளையச் சாலை. உள்ளே இருக்கும் ஒவ்வொரு குடியிருப்புப் பகுதிக்கும் கார் அந்த வளையச் சாலையிலிருந்துதான் நுழையலாம். ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்குக் காரில் நேராகப் போக முடியாது. வெளியே வந்து, சுற்றி, மறுபடி உள்ளே போக வேண்டும். நடப்பவரும் சைக்கிளில் போகிறவரும் மட்டும் ஊரின் நடுவே குறுக்காகப் போகலாம். பள்ளிக்கூடங்களும் முக்கியமான இடங்களும் அந்தச் சைக்கிள் பாதையை ஒட்டியே வந்தன. ரயில் நிலையம் ஊர் நடுவில். தண்டவாளத்துக்குக் கீழேயே சைக்கிள் நிறுத்தம், 3,000 சைக்கிளுக்கு மேல் நிற்கும். நிறுத்திவிட்டுப் படியேறினால் பிளாட்பாரம். இன்று அங்கே சுமார் 50,000 பேர் வாழ்கிறார்கள். நெதர்லாந்தின் 'சைக்கிள் நகரம்' விருது அதற்கு 2008இலும் 2018இலும் கிடைத்தது.

"அவர்கள் வெறும் நிலத்தில் திட்டம் போட்டுக் கட்டினார்கள், நம்முடையது கட்டி முடிந்துபோன ஊர் ஆயிற்றே" என்று கேட்பீர்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஹௌட்டனின் வரைபடத்தையும் நம் செம்பாக்கம் பக்கத்து வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்குக் கார் நேராகப் போக முடியாது; பெரிய சாலைக்கு வந்து சுற்றித்தான் போக வேண்டும். இது நம் ஊரிலும் அப்படியே இருக்கிறது! அவர்கள் யோசித்துச் செய்ததில் பாதியை நாம் யோசிக்காமலே செய்து வைத்திருக்கிறோம். நம் உள்தெருக்களில் வெளி வண்டி வராது. குழந்தைகள் கிரிக்கெட் ஆடுகிற அளவுக்கு அமைதி. குறைவது மறுபாதி மட்டும்: சைக்கிளுக்கும் நடப்பவருக்கும் அந்தக் குறுக்கு வழி. சுவர் நிற்கும் இடத்தில் ஒன்றரை மீட்டர் திறப்பு. வாய்க்கால் மேல் ஒரு சின்னப் பாலம். ஏரிக்கரை மேல் ஓர் ஒழுங்கான பாதை. கிழக்குத் தாம்பரம் பெரும்பாலும் சமதளம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நெதர்லாந்துபோல இங்கேயும் மேடேறுகிற கஷ்டம் அதிகமில்லை.

நிலத்துக்கு எங்கே போவது என்ற கேள்வியும் அவ்வளவு பெரியதில்லை. அங்கீகாரம் பெற்ற லேஅவுட்டில் சாலைகளை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அதன் பிறகு அது நகர்வாசிகளின் சொந்தத் தெரு இல்லை, பொதுச் சாலை. இரண்டு பக்கமும் பொதுச் சாலை, நடுவில் ஒரு சுவர் என்றிருக்கிற இடங்களில் யாரிடமும் நிலம் வாங்க வேண்டியதில்லை.

குடியிருப்போர் சங்கத்தில் இதைச் சொன்னால் எதிர்ப்பு வரும். அந்த எதிர்ப்பை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். திறந்துவிட்டால் திருடன் வருவான், இளைஞர்கள் பைக்கில் பறப்பார்கள் என்பார்கள். திருட்டைப் பொறுத்தவரை, ஆள் நடமாட்டம் உள்ள தெருதான் ஆளில்லாத முட்டுச்சந்தைவிடப் பத்திரம் என்பது என் எண்ணம். விளக்கு இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பைக் விஷயத்தில் அவர்கள் பயம் முழுக்க நியாயம். சைக்கிள் நுழைகிற சந்தில் மோட்டார் பைக்கும் நுழையும். அதை முழுதாகத் தடுக்க முடியாது. ஒன்றுக்கொன்று எதிரெதிராக இரண்டு கம்பித் தடுப்பு வைத்து, வளைந்து வளைந்து போகும்படி செய்தால் வேகத்தைக் கொல்லலாம். ஆனால் தடுப்பை ரொம்ப நெருக்கினால் சக்கர நாற்காலியும் மூன்று சக்கரத் தள்ளுவண்டியும் மாட்டிக்கொள்ளும். அளவு பார்த்து வைக்க வேண்டிய வேலை இது. கொத்தனாரிடம் விட்டுவிட்டுப் போகக் கூடாது.

உள்தெருக்களைக் கோத்துவிட்டாலும் எங்காவது ஓர் இடத்தில் பெரிய சாலையையோ ரயில் பாதையையோ கடந்துதான் ஆக வேண்டும். மேற்குத் தாம்பரத்துக்காரருக்கு, முடிச்சூர் பக்கத்திலிருந்து வருகிறவருக்கு, ஸ்டேஷனுக்கு முன்னால் ஜிஎஸ்டி ரோடு குறுக்கே கிடக்கிறது. கிழக்கே இருப்பவர் மேற்கே போக வேண்டுமானால் தண்டவாளம். முன்பு ரயில்வே கேட் இருந்த இடங்களில் காத்திருக்க வேண்டியிருந்தாலும் தரையோடு தரையாகத் தள்ளிக்கொண்டு போகலாம். கேட்டை மூடி மேம்பாலம் கட்டினால் காருக்கு நேரம் மிச்சம். சைக்கிளுக்கு ஏற்றமும் சுற்றும். சுரங்கப்பாதை என்றால் ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் நிற்கிறது. நடை மேம்பாலப் படியின் ஓரத்தில், சக்கரம் உருளுகிற அளவுக்கு ஒரு சாய்வான தடம் வைத்தால்கூட 20 கிலோ சைக்கிளைத் தோளில் தூக்காமல் தள்ளிக்கொண்டு ஏறலாம். செலவு மிகக் குறைவு. ஏன் செய்வதில்லை என்றால், படம் வரைகிறவர் அந்தப் படியில் சைக்கிளோடு ஏறுகிற ஆளை நினைத்துப் பார்ப்பதில்லை.

வேகத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டியைவிட 60இல் வரும் வண்டிக்கு இரண்டு மடங்கு வேகம்; ஆனால் அது மோதும்போது இறங்குகிற ஆற்றல் நான்கு மடங்கு, பிரேக் பிடித்த பிறகு ஓடுகிற தூரமும் நான்கு மடங்கு. நடப்பவரும் சைக்கிளில் போகிறவரும் வண்டிகளோடு கலந்து போகிற இடங்களில் 30 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது இதனால்தான். பள்ளிக்கூட வாசலிலும் ஸ்டேஷன் வாசலிலுமாவது இதைக் கறாராக நடைமுறைப்படுத்த வேண்டும்.

ஸ்டேஷன் சைக்கிள் ஸ்டாண்டைப் பற்றி ஒரு வார்த்தை. காலையில் விட்டுவிட்டு டோக்கன் வாங்கிக்கொண்டு ஓடுகிற இடம் அது. மாதக் கட்டணமும் உண்டு. பெயர் சைக்கிள் ஸ்டாண்டு, ஆனால் நிற்பது பெரும்பாலும் மோட்டார் பைக். அதற்குக் கட்டணம் அதிகம், ஆகவே நிழலும் முன்வரிசையும் அதற்குத்தான். சைக்கிள் பின்னால், வெயிலில், ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடக்கும். ஒரு பைக் நிற்கிற இடத்தில் இரண்டு சைக்கிள் தாராளமாக நிற்கும். பிளாட்பாரத்துக்குப் பக்கத்தில், கூரையோடு, பூட்டுப் போட ஒரு கம்பியோடு சைக்கிளுக்குத் தனி இடம் ஒதுக்குவது ரயில்வேக்கே லாபம். வருகிற ஒவ்வொருவரும் சீசன் டிக்கெட்காரர்.

இனி வண்டி. நம் தேவைக்குக் கியர் தேவையில்லை. மட்கார்டு, கேரியர், செயின் கவர், ஸ்டாண்டு, விளக்கு, பெல் உள்ள சாதாரண சைக்கிள் போதும். இரண்டு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். ஒன்று சீட் உயரம். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். இரண்டு பாதமும் தரையில் படும்படி சீட்டை இறக்கி ஓட்டுகிறவர்களுக்குத்தான் முட்டி வலிக்கிறது; பழி சைக்கிள்மேல் விழுகிறது. இன்னொன்று காற்று. வாரத்துக்கு ஒருமுறை காற்றடிக்காத டயர் உங்கள் உழைப்பை வீணாகத் தின்றுவிடும். செயினுக்கு நாலு சொட்டு எண்ணெய், வருஷத்துக்கு ஒருமுறை கடையில் விட்டு ஓவராயிலிங், வீல் ஆடினால் பெண்டு எடுப்பது. அவ்வளவுதான்.

வியர்வைக்கு வருகிறேன், எல்லோரும் கேட்பது. மிதித்துக்கொண்டிருக்கும்போது எதிர்க்காற்று உடம்பை உலர்த்திக்கொண்டே இருக்கும். நின்றதும்தான் கொட்டும். ஆகவே கடைசி 5 நிமிடம் வேகத்தைக் குறைத்துவிடுங்கள். பையை முதுகில் மாட்டாமல் கேரியரில் கட்டுங்கள். சட்டை முதுகில் நனைவதற்குப் பாதிக் காரணம் பைதான். சித்திரை, வைகாசி மதியத்தில் போகாதீர்கள், அதற்கு உபாயம் கிடையாது. மழையில் வடிகால் மூடிக் கம்பிகளைப் பாருங்கள். கம்பி சக்கரம் போகிற திசையில் நீளமாக இருந்தால் டயர் உள்ளே இறங்கிவிடும். நாய் துரத்தினால் விரட்டி மிதிக்க வேண்டாம். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடந்தால் பெரும்பாலும் விட்டுவிடும்.

யாருக்காக இத்தனையும் சொல்கிறேன் என்றும் சொல்லிவிட வேண்டும். கீரைக்காரர், பால் போடுகிறவர், கட்டட வேலைக்குப் போகிறவர், காவலாளி ஆகியோர் இன்றும் சைக்கிளில்தான் போகிறார்கள். அவர்களுக்கு இது தேர்வு இல்லை, வேறு வழி இல்லாததால் மெயின் ரோட்டு ஓரத்தில் உயிரைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அடுத்து பெண்கள். பள்ளி, ரேஷன் கடை, மாவு மில், அம்மா வீடு என்று ஒரே நடையில் நாலு இடம் தொட்டு வருகிறவருக்குச் சைக்கிளைப்போல் கைகொடுக்கும் வண்டி வேறில்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, பல்லாயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றார்கள். கல் குவாரியில் உழைத்த பெண்கள் உட்பட. ஊர் கேலி செய்தும் அவர்கள் நிறுத்தவில்லை.

பிறகு பிள்ளைகள். 2001–02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கிய விலையில்லா சைக்கிள் திட்டம், பிறகு அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் 11ஆம் வகுப்பு மாணவர் அனைவருக்கும் விரிந்தது. ஆண்டுதோறும் லட்சக்கணக்கான சைக்கிள்கள் வீடுகளுக்குப் போகின்றன. ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ சைக்கிள்களைச் செய்த டிஐ சைக்கிள்ஸ் நிறுவனம் 1949இல் தொடங்கப்பட்டு வளர்ந்ததும் அன்றைய சென்னைக்கு வெளியே இருந்த அம்பத்தூரில்தான். சைக்கிளைச் செய்யவும் தெரியும், இலவசமாகக் கொடுக்கவும் தெரியும். அந்தப் பிள்ளை அதை ஓட்டிக்கொண்டு போகிற தெருவை மட்டும் நாம் இன்னும் கொடுக்கவில்லை. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் அந்தச் சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே துருப்பிடித்து நிற்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம்.

தடையின் வேர் நிர்வாகத்திலும் இருக்கிறது. உங்கள் மூன்று கிலோமீட்டர் பயணத்தில் வீட்டு வாசல் தெரு மாநகராட்சியுடையது, மெயின் ரோடு நெடுஞ்சாலைத் துறையுடையது, ஸ்டேஷன் தெற்கு ரயில்வேயுடையது. ஒருவர் எல்லையில் நல்ல பாதை போட்டாலும் அடுத்தவர் எல்லையில் அது நின்றுவிடும். சென்னை மாநகராட்சி 2014இல் நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை தருகிற போக்குவரத்துக் கொள்கையை ஏற்றுக்கொண்டது. ஆனால் தாம்பரமும் ஆவடியும் அந்த எல்லைக்கு வெளியே இருந்தவை. ஆவடி 2019இலும் தாம்பரம் 2021இலும்தான் மாநகராட்சி ஆயின. எல்லாத் துறைகளையும் ஒரே மேசைக்குக் கொண்டுவரச் சென்னைப் பெருநகரப் போக்குவரத்துக் குழுமச் சட்டம் 2010லேயே வந்துவிட்டது. அந்த மேசையில் சுவர்த் திறப்பு, படியோரச் சரிவு போன்ற சின்ன வேலைகளுக்கும் இடம் வேண்டும்.

அதற்குக் காத்திருக்காமல் செய்யக்கூடிய ஒன்று உண்டு. தமிழ்நாடு அரசின் 2022 விதிகளின்படி வார்டு கமிட்டியும் ஏரியா சபையும் இருக்கின்றன. அங்கே போய் 'சைக்கிள் பாதை வேண்டும்' என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். உங்கள் பகுதி வரைபடத்தை அச்செடுத்து, முட்டி நிற்கிற இரண்டு தெருக்களின் பெயரையும் நடுவிலுள்ள சுவரையும் சிவப்புப் பேனாவால் குறித்து எடுத்துப் போங்கள். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளிக்கூடத்தின் பெயரை எழுதுங்கள். இப்போது எத்தனை மீட்டர் சுற்றுகிறோம், திறந்தால் எத்தனை மீட்டர் என்று பக்கத்தில் எழுதுங்கள். இரண்டு நகர்ச் சங்கத்தாரையும் கையெழுத்துப் போட வையுங்கள். மறுபக்கத்துச் சங்கத்தின் கையெழுத்து இல்லாமல் போகாதீர்கள், மனு அங்கேயே நின்றுவிடும். ஒன்றரை மீட்டர் திறப்பு, நடுவில் தடுப்பு, மழைநீர் தேங்காமல் ஒரு சாய்வு, மேலே ஒரு தெருவிளக்கு. நாலும் ஒரே மனுவில் இருக்கட்டும்.